கதைக்கிறது சரி, எழுதி வைக்கிறது எங்க?

முதலிலயே சொல்லிவிடுகிறோம்: எங்களுக்கு எந்த கேம் பிடிக்கும் என்பதைவிட, அந்த கேமை ஆரோட கதைச்சுக்கொண்டு விளையாடுறம் எண்டதுதான் பெரிசு. கிராபிக்ஸ், கதை, எத்தனை ஸ்டார் எண்டதெல்லாம் அதுக்குப் பிறகுதான். வலோரன்ட்டில 13க்கு 3 எண்டு கேவலமாத் தோத்த மெட்ச்சுகள் சிரிப்போட ஞாபகம் இருக்கு. தனிய இருந்து வென்ற மெட்ச் ஒண்டும் ஞாபகத்தில இல்லை.

ஆகவே இது கேம் ரிவியூ இல்லை. கேமுக்குப் பின்னால எப்பவும் திறந்து கிடக்கிற மற்ற செயலியைப் பற்றித்தான் கதைக்கப்போகிறோம். பெரும்பாலும் அது டிஸ்கோர்ட்.

டிஸ்கோர்ட் பிறந்த கதையே எங்கட கட்சிக்குச் சாட்சி. ஜேசன் சிட்ரனும் ஸ்டானிஸ்லாவ் விஷ்னெவ்ஸ்கியும் முதலில் செய்தது ஒரு கேம். பெயர் ஃபேட்ஸ் ஃபொரெவர், 2014இல் ஐபாடுக்கு வந்தது. அது எடுபடவில்லை. ஆனால் விளையாடிக்கொண்டே கதைக்கிறதுக்கு நல்ல வழி ஒண்டும் இல்லை எண்டது அந்தக் கேமைச் செய்யேக்கதான் அவைக்கு விளங்கினது. 2015 மே மாதம் டிஸ்கோர்ட் வந்தது. இண்டைக்கு ஃபேட்ஸ் ஃபொரெவரை ஆருக்குத் தெரியும்? ஒபிஸ்காரர் பாவிக்கிற ஸ்லாக்கும் இதே மாதிரித்தான். கிளிச் எண்ட ஒன்லைன் கேம் 2012 கடைசியில மூடப்பட்டது. அதைச் செய்த குழு தங்களுக்குள்ள கதைக்கிறதுக்கு வைச்சிருந்த கருவிதான் பிறகு ஸ்லாக் ஆனது. அந்தக் குழுவின் தலைவர் ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்ட் அதுக்கு முதலும் ஒரு கேம் செய்யப் போய் ஃப்ளிக்கரில வந்து நிண்டவர். மனுசன் கேம் செய்ய வெளிக்கிட்டால் வேற ஏதோதான் வெற்றி பெறும் போல.

டிஸ்கோர்ட்டுக்கு முதல் டீம்ஸ்பீக், வென்ட்ரிலோ எல்லாம் இருந்தது. ஆராவது ஒருத்தர் காசு குடுத்து சேர்வர் வாடகைக்கு எடுக்கோணும், மற்றவை அந்த நம்பரை அடிச்சு உள்ளுக்கு வரோணும். எங்கட ஆக்களில டொலரில காசு கட்டக்கூடிய கார்ட் ஆரிட்ட இருந்தது? டிஸ்கோர்ட்டில காசு இல்லை, ஒரு லிங்க்கை அமத்தினால் உள்ளுக்கு நிக்கலாம். இங்க இரவு 10 மணி எண்டால் டொரன்டோவில மத்தியானச் சாப்பாட்டு நேரம். லண்டனில பின்னேரம். சின்ன வயசில போட்டோவில மட்டும் பார்த்த மச்சானும் மச்சாளும் ஒரே அறையில வந்து இருந்து, "டேய், உனக்குப் பின்னால நிக்கிறான்" எண்டு கத்துறது சின்ன விசயம் இல்லை. பெரியாக்கள் கலியாண வீட்டிலயும் செத்த வீட்டிலயும் கட்டிக் காத்த சொந்தத்தை நாங்கள் மைன்கிராஃப்ட்டில ஆடு மேய்ச்சுக் காப்பாத்துறம்.

2020 ஊரடங்கு நேரம் அமங் அஸ் விளையாடின ஆக்களுக்கு இன்னொரு விசயமும் தெரியும். அது 2018இல வந்து இரண்டு வருசமா ஆரும் கண்டுகொள்ளாத கேம். அதில விளையாட்டு எண்டதே கதைதான். விளையாடேக்க எல்லாரும் மைக்கை நிப்பாட்டிவிட்டு, கூட்டம் கூடேக்க மட்டும் வாயைத் திறக்கிறது. அதை இங்கிலிஸில விளையாடினால் ஒரு கேம். தமிழில விளையாடினால் வேற கேம். "அம்மாவாண நான் எலெக்ட்ரிக்கல்ல நிக்கேல்லை" எண்டு ஒருத்தன் சத்தியம் பண்ணினால் அவன்தான் கொலைகாரன். தாய்மொழியில பொய் சொல்லுறது எவ்வளவு கஷ்டம் எண்டு எங்களுக்கு விளங்கினது அந்தக் கேமிலதான்.

வலோரன்ட் மாதிரி கேமுகளில எங்களுக்குக் கிட்டின சேர்வர் மும்பை, இல்லாட்டி சிங்கப்பூர். அதனால தமிழ்நாட்டுக் கேமர்களோட சேருறது தானா நடக்கும். நல்ல சனம், ஆனால் பத்தில எட்டுப் பேர் முதல் கேக்கிற கேள்வி, "ப்ரோ, நீங்க மலையாளியா?" "அம்மா பேசுவா, நான் போறன்" எண்டால் அவங்களுக்கு விளங்காது. "பேசட்டுமே ப்ரோ, அதுக்கு ஏன் போறீங்க?" அங்க பேசுறது எண்டால் கதைக்கிறது, இங்க பேசுறது எண்டால் ஏச்சு. ஒரு மாதம் ஒண்டா விளையாடினால் அவங்களும் "ஓம் ஓம்" எண்டு தொடங்கிவிடுவாங்கள். இது எந்தப் பள்ளிக்கூடத்திலயும் கிடைக்காத தமிழ்ப் பாடம்.

இவ்வளவு புகழ்ந்தாச்சு. இனி எங்கட பிரச்சினைக்கு வருகிறோம்.

டிஸ்கோர்ட் கதைக்கிறதுக்கு நல்ல இடம். ஞாபகம் வைச்சிருக்கிறதுக்கு மோசமான இடம். நாங்கள் இரண்டையும் அங்கதான் செய்யிறம்.

உதாரணத்துக்கு 2022. மார்ச் கடைசியில நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினவை. அந்த நேரம் ரவுட்டரை மட்டும் உயிரோட வைச்சிருக்கிறதுக்கு எங்கட பெடியளும் பெட்டையளும் செய்யாத ஆராய்ச்சி இல்லை. எந்தச் சின்ன யூபிஎஸ் எத்தனை மணித்தியாலம் நிக்கும், பழைய பற்றரியில என்ன செய்யலாம், எந்த வயரைத் தொடக் கூடாது எண்டு எல்லாம் தமிழில, படத்தோட. 4 ஜிபி ராம் இருக்கிற பழைய லெப்டொப்பில ஒரு கேமை எப்பிடி ஓட்டுறது, கார்ட் இல்லாத ஆள் ஸ்டீமில எப்பிடி வாங்குறது, ஐநூறு ரூபா கொன்ட்ரோலரில எது ஒரு கிழமைக்கு மேல உழைக்கும் எண்டு எல்லாம் ஆரோ ஒருத்தர் ஒரு இரவு விலாவாரியா எழுதினவர். இப்ப அது எங்க? நாலு வருச மீம்ஸுக்கும் "ஆர் விளையாட வாறீங்கள்?"க்கும் கீழ. கூகிளில தேடினால் வராது, ஏனெண்டால் சேர்வருக்குள்ள எழுதினதைத் தேடுபொறி பார்க்கேலாது. புதுசா வாற பிள்ளை அதே கேள்வியைக் கேக்கும். "முதலே சொன்னதுதானே, மேல போய்ப் பாரும்" எண்டு ஒருத்தர் எரிஞ்சு விழுவார். அந்தப் பிள்ளை பிறகு வராது.

எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு தமிழ் சேர்வர் இருந்தது. சொந்தக்காரருக்கும் மொடரேட்டருக்கும் ஏதோ கொழுவல். ஒரு இரவு சொந்தக்காரர் சேர்வரையே அழிச்சுவிட்டுப் போனார். மூண்டு வருசம் எழுதினது ஒரு பட்டனில முடிஞ்சுது. ஆரையும் கேக்கத் தேவையில்லை, சேர்வரின் அமைப்பே அப்பிடித்தான்.

இது எங்கட நாட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை. இப்ப எந்த மொட்டைப் போட்டு கேம் வேலை செய்யாட்டிலும், எந்தச் சின்ன கேமில பிழை வந்தாலும், பதில் ஒண்டுதான்: "டிஸ்கோர்ட்டில சேருங்கோ." ஒரு வரி விடைக்கு ஒரு வீட்டுக்குள்ள குடிபோகவேண்டியிருக்கு. கேம்எஃப்ஏக்யூஸ் 1995இல தொடங்கினது. வெறும் எழுத்துக் கோப்புகள், வடிவு எண்டு சொல்ல ஒண்டும் இல்லை. ஆனால் 90களில ஆரோ ஒரு பெடியன் எழுதின ஃபைனல் ஃபன்டசி வழிகாட்டியை இண்டைக்கும் எடுத்து வாசிக்கலாம். மற்றப் பக்கம், எக்ஸ்ஃபயர் எண்ட கேமர் அரட்டைச் செயலி 2004இல வந்து ஒரு காலம் கொடிகட்டிப் பறந்தது. 2015 ஜூனில சில நாள் அவகாசத்தில கதவைச் சாத்தினவை. அதில கிடந்த ஸ்கிரீன்ஷொட்டுகளை அந்த நாளுக்குள்ள இறக்காத ஆக்களுக்கு ஒண்டும் இல்லை.

டிஸ்கோர்ட் இண்டைக்கோ நாளைக்கோ மூடப்போகுது எண்டு நாங்கள் சொல்லவில்லை. ஆனால் காசு குடுக்காத ஆள் ஒரு தடவையில ஏத்தக்கூடிய கோப்பின் அளவு 25 எம்பியில இருந்து 10 எம்பிக்கு இறங்கிவிட்டது. அங்க ஏத்தின படத்தின் லிங்க்கை வெளியில எங்கயாவது போட்டால் ஒரு நாளோட காலாவதி. வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டாமல் அலுமாரியைச் சின்னதாக்கிறார். 2022இல ஃபோரம் சனல் எண்டு ஒண்டைத் தந்தவை. நல்ல விசயம்தான், கேள்வியும் பதிலும் ஒழுங்கா நிக்குது. ஆனால் அதுவும் அதே பூட்டின வீட்டுக்குள்ள இன்னொரு அறை.

"பூட்டின அறை எண்டபடியாத்தானே நிம்மதியாக் கதைக்கிறம்?" எண்டு எங்கட தோழி ஒருத்தி கேட்டாள். சரியான கேள்வி, அதைத் தாண்டிப் போகேலாது. பொது மெட்ச்சில மைக்கை ஓன் பண்ணிப் பொம்பிளைக் குரல் கேட்டவுடன நடக்கிற கூத்தை எல்லாரும் கேட்டிருப்பீங்கள். ஒண்டில் தூசணம், இல்லாட்டி வழியல். அதனால எங்கட தோழிகள் பலர் பொதுவில மைக்கே போடுறதில்லை. பத்துப் பேர், தெரிஞ்ச ஆக்கள், தூசணம் சொன்னால் வெளிய எண்டு கறாரா நிக்கிற மொடரேட்டர் உள்ள அறையிலதான் அவை வாய் திறந்து விளையாடினம். அந்த அறை பூட்டித்தான் இருக்கோணும். அங்க கதைச்சது காத்தோட போகோணும். அரட்டையைச் சேமிக்கச் சொல்லி நாங்கள் கேக்கவில்லை. யூபிஎஸ் வயரைப் பற்றி எழுதினதும் ஆற்றையோ காதல் தோல்வியும் ஒரே பெட்டிக்குள்ள கிடக்கிறதுதான் பிரச்சினை. முதலாவது வெளிய வரோணும். இரண்டாவது எக்காலத்திலயும் வெளிய வரக் கூடாது.

பூட்டு எவ்வளவு பலம் எண்டதும் யோசிக்கவேண்டினது. 2025 ஒக்டோபரில, டிஸ்கோர்ட்டுக்கு வாடிக்கையாளர் சேவை செய்த வெளி நிறுவனம் ஒண்டின் வழியா, வயசை உறுதிப்படுத்த ஆக்கள் அனுப்பின அடையாள அட்டைப் படங்கள் 70,000 பேர் அளவில வெளிப்பட்டிருக்கலாம் எண்டு டிஸ்கோர்ட்டே அறிவிச்சது. "ஐடி அனுப்பு" எண்டு ஒரு செயலி கேட்டால் எங்கட ஆக்கள் யோசிக்காமல் ஐசியைப் படம் எடுப்பினம். ஒருக்கா யோசியுங்கோ.

கேமுகளே நிலையில்லாத காலம் இது. த க்ரூ எண்ட கார் கேமை யூபிசொஃப்ட் 2024 மார்ச் 31இல நிப்பாட்டினது. காசு குடுத்து வாங்கின ஆளும் அதைத் திறந்து விளையாடேலாமல் போனது. அந்தக் கோபத்தில ரொஸ் ஸ்கொட் தொடங்கின "ஸ்டொப் கில்லிங் கேம்ஸ்" இயக்கத்துக்கு ஐரோப்பாவில 10 லட்சத்துக்கு மேல கையெழுத்து விழுந்தது. எங்கட கையெழுத்து அங்க செல்லாது. ஆனால் செத்த கேமில மிஞ்சிறது அதைப் பற்றி ஆக்கள் வெளியில எழுதி வைச்சது மட்டும்தான். தமிழில அப்பிடி மிஞ்சப்போறது என்ன எண்டு தேடிப் பாருங்கோ. தமிழில யூடியூப் வீடியோ கனக்க இருக்கு. ஆனால் 18 நிமிச வீடியோவில எந்த நிமிசத்தில அந்த ஒரு செட்டிங் வருது எண்டு தேடி டேட்டாவை முடிக்கிறதும் நாங்கள்தான்.

அதனால ஒரு வேலை தொடங்கியிருக்கிறம். எங்கட சேர்வரில வெள்ளிக்கிழமை இரவு விளையாட்டு முடிய, அந்தக் கிழமை ஆராவது உருப்படியா ஏதாவது கண்டுபிடிச்சிருந்தால் அதைக் கதைச்ச தமிழிலயே எழுதி, எழுதின ஆள் விரும்பினால் பட்டப்பெயரோட, ஆரும் தேடி எடுக்கக்கூடிய மாதிரி வெளியில போடுறது. நல்ல தமிழ் தேவையில்லை, "ஓன் பண்ணு" எண்டே எழுதலாம். எந்த மொடல், எந்த வருசம் எண்டு போட்டால் போதும். ரவுட்டர் யூபிஎஸ் விசயத்தை எழுத வவுனியாவில இருந்து ஒருத்தர் ஓம் எண்டிட்டார். பழைய லெப்டொப் செட்டிங்கை இரண்டு பேர் பங்குபோட்டு எழுதினம். கார்ட் இல்லாமல் ஸ்டீமில வாங்குறதைப் பற்றி எழுதத்தான் இன்னும் ஆள் கிடைக்கேல்லை.