அருவியில் குளியுங்கள்... ரத்தத்தையும் பாருங்கள்!

குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டது என்றால் போதும், தென்காசி ரோட்டில் வேன்கள் வரிசை கட்டும். அந்தக் கூட்டத்தில் சோரியாஸிஸ் உள்ளவர்களும் இருப்பார்கள். 'மூலிகைத் தண்ணி பட்டா சரியாயிடும்' என்று வீட்டுப் பெரியவர்கள் அனுப்பி வைத்திருப்பார்கள். ஆனால், ஐந்தருவியில் பக்கத்தில் நிற்பவரோ அந்தச் செதிலைப் பார்த்ததும் நாலடி நகர்ந்து போவார்.

இரண்டுமே தப்பு! சோரியாஸிஸ் ஒட்டுவாரொட்டி இல்லை. தாராளமாக ஒன்றாகக் குளிக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். அருவிக் குளியல் மனசுக்கு இதம்தான். ஊறிய செதில் கொஞ்சம் உதிரும். ஆனால், நோய் போகாது.

'ரத்தம் கெட்டுப் போச்சு, அதான் இப்படி' என்பது இன்னொரு பேச்சு. அதுவும் சரியல்ல. உடம்பின் எதிர்ப்பு சக்தி தடம் மாறி, தோலை விரட்டி வளரச் செய்கிறது. சுமார் ஒரு மாதத்தில் புதுப்பிக்க வேண்டிய மேல்தோல், சில நாட்களிலேயே வளர்ந்து முழங்கை, முழங்கால், தலை என்று வெள்ளிச் செதிலாகக் குவிகிறது. நகத்தில் ஊசி குத்தினாற்போல் குழிகள் விழலாம்.

ரத்தம் காரணமில்லை, ஆனால், ரத்தத்தைப் பார்க்காமல் விடுவதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. இந்த அழற்சி தோலோடு நிற்பதில்லை. சோரியாஸிஸ் உள்ளவர்களில் பலருக்கு சர்க்கரையும், ட்ரைகிளிசரைடு, கொலஸ்ட்ரால் போன்ற கொழுப்புகளும் கூடியிருக்கின்றன. செல்கள் வேகமாக உருவாகி அழிவதால் சிலருக்கு யூரிக் அமிலமும் ஏறுகிறது. நோய் தீவிரமானவர்களுக்கு மாரடைப்பு அபாயமும் அதிகம்.

ஆகவே, களிம்போடு நிறுத்தாதீர்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை, கொழுப்பு, யூரிக் அமிலப் பரிசோதனை, கூடவே ரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு... எதெது எப்போது வேண்டும் என்று டாக்டரிடம் கேளுங்கள். முதல் நாள் ராத்திரி பார்டர் புரோட்டாவும் கோழியும் வெளுத்துக் கட்டிவிட்டு மறுநாள் ரத்தம் கொடுக்காதீர்கள். காலையில் மூட்டு வீங்கி, விறைத்து வலித்தால் உடனே சொல்லுங்கள். மீதோட்ரெக்ஸேட் மாத்திரை தந்திருந்தால், அது வாரத்துக்கு ஒரு நாள்தான். தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அதற்கு ரத்த அணுக்கள், ஈரல், சிறுநீரகச் சோதனையும் அவசியம்.

அருவிக்கரை எண்ணெய் மசாஜில் ஒரு ஜாக்கிரதை: அழுத்தித் தேய்த்துத் தோல் கீறினால், கீறிய இடத்திலேயே புதுத் திட்டு முளைக்கலாம்.

வீட்டில் ஒருவருக்கு சோரியாஸிஸ் இருந்தால் 'வெறும் தோல் நோய்தானே' என்று விட்டுவிடாதீர்கள். ஒதுக்கவும் செய்யாதீர்கள். கூடவே லேபுக்கும் கூட்டிப் போங்கள்!