டிவி விவாதமும் விவரம் தெரிந்தவர்களும்

அமெரிக்க அதிபர் தேர்தல் வந்தாலே ஒரு கூட்டம் கிளம்பிவிடும். "டிவி விவாதமெல்லாம் வெறும் நாடகம். பேப்பர் படிக்கிறவனுக்கு, கட்சிகளின் கொள்கை அறிக்கை படிக்கிறவனுக்கு அதில் புதுசாக என்ன இருக்கிறது?" என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2024 ஜூன் 27க்குப் பிறகும் இதையே சொல்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் இடிக்கிறது.

அவர்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. விவாதத்தில் ஜெயித்தவர் தேர்தலில் ஜெயிக்க வேண்டும் என்றில்லை. 2004ல் கெர்ரியும் 2016ல் ஹிலாரியும் மூன்று விவாதங்களிலும் முந்தியதாகக் கருத்துக்கணிப்புகள் சொல்லின. இருவருமே தோற்றார்கள். 1960ல் ரேடியோவில் கேட்டவர்களுக்கு நிக்சன், டிவியில் பார்த்தவர்களுக்கு கென்னடி என்று ஆளாளுக்குச் சொல்லும் கதைகூடப் பெரும்பாலும் ஒரே ஒரு சர்வேயை நம்பித்தான் நிற்கிறது.

ஆனால் யார் ஜெயித்தார் என்பதே தப்பான கேள்வி!

அட்லாண்டாவில் அன்று கையில் குறிப்புச்சீட்டு கூடாது. அரங்கில் பார்வையாளர்கள் கிடையாது. இடைவேளையில்கூட உதவியாளர்கள் பேசக்கூடாது. தொண்ணூறு நிமிடம் பைடனும் ட்ரம்ப்பும் மட்டும். 81 வயது பைடனுக்குக் குரல் கம்மிப் போயிருந்தது. ஒரு பதிலில் பேச்சின் இழை அறுந்து, முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டையே தோற்கடித்துவிட்டதாகச் சொல்லி முடித்தார். ஜூலை 21ல் போட்டியிலிருந்தே விலகினார்.

அவருக்கு வயதாகிவிட்டது என்று சாதாரண வாக்காளர்கள் பல மாதங்களாகவே கருத்துக்கணிப்புகளில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "எதிர்க்கட்சிக்காரன் வெட்டி ஒட்டிய வீடியோ" என்று அதை ஒதுக்கியவர்களில் பலர் யார்? தினமும் பேப்பர் படித்தவர்கள்தான்! கம்பெனியின் ஆண்டறிக்கையை அட்டை முதல் அட்டை வரை படித்தார்கள், கிடங்கைத் திறந்து சரக்கை எண்ணிப் பார்க்கவில்லை. கொள்கை அறிக்கையை ஒரு குழு எழுதிக் கொடுத்துவிடும். நெருக்கடி வந்தால் முடிவெடுக்க வேண்டியது ஒரே ஆள். அந்த ஆள் எப்படி இருக்கிறார் என்று எந்த அறிக்கையில் படிப்பது?

அதே மேடையில் ட்ரம்ப் சொன்ன பொய்களைத் தொகுப்பாளர்கள் திருத்தவில்லை, அதுவும் உண்மை. அதனால்தான் விவரம் தெரிந்தவர் கட்டாயம் பார்க்க வேண்டும். தெரியாதவருக்கு எது பொய் என்று எப்படிப் பிடிபடும்?

வேட்பாளர்களுக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். 1960ல் சூடுபட்ட நிக்சன், 1968லும் 1972லும் விவாதம் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. இரண்டு முறையும் ஜெயித்தார். 2024 செப்டம்பர் 10ல் கமலா ஹாரிஸிடம் திணறிய ட்ரம்ப், இனி விவாதமே கிடையாது என்று சொல்லிவிட்டார். அவரும் ஜெயித்தார். வெறும் நாடகம்தான் என்றால், டிவியிலேயே பேர் வாங்கிய மனிதர் எதற்கு மேடையேற மறுத்தாராம்? :-)