வானத்துப் பேன்



தன் கையால் விமானம் செய்து தானே பறக்கவேண்டும் என விழைந்தவர் பிரான்சு நாட்டு ஆன்றி மின்யே. 1933-இல் அவர் செய்த சிறு விமானத்திற்கு 'வானத்துப் பேன்' என்று பெயரிட்டார். மரச்சட்டம், ஒட்டுப்பலகை, துணி, மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஆகியவையே அதன் உடல். செய்முறையை 1934-இல் நூலாகவும் வெளியிட்டார். 1935 ஆகஸ்டில் அதில் ஏறி ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். பிரான்சிலும் இங்கிலாந்திலும் எத்தனையோ பேர் மரமும் பசையும் வாங்கி, வீட்டுக் கொட்டகையில் வேலையைத் தொடங்கினர்.

ஆனால் விபத்துகள் தொடர்ந்தன, உயிர்கள் மாண்டன. 1936-இல் அவ்விமானத்தைப் பெரிய காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தனர். முன்னிறக்கையும் பின்னிறக்கையும் மிக நெருங்கி அமைந்திருந்தன. மூக்கு ஓரளவுக்கு மேல் தாழ்ந்தபின், விமானி நிமிர்த்த முயன்று பிடியை இழுத்தால், பின்னிறக்கையின் தூக்குவிசை பெருகி மூக்கு மேலும் தாழ்ந்தது. காக்கச் செய்த செயலே வீழ்த்தியது! தச்சு வேலை எவ்வளவு செம்மையாயினும் பயனில்லை. பிழை அமைப்பிலேயே இருந்தது.

மின்யே வஞ்சகரல்லர், தம் உயிரையும் அதே இறக்கையில் வைத்தவர். எனினும், நல்லெண்ணம் சோதனைக்கு ஈடாகுமோ? பின்னர் அமைப்பு திருத்தப்பட்டது; அவ்வகை விமானங்கள் இன்றும் பறக்கின்றன. பல நாடுகளில், வீட்டில் செய்த விமானத்தைப் பிறரொருவர் பார்வையிட்ட பின்னரே பறக்க விடுகின்றனர்.

நம் வீட்டுப் பரணும் மின் இணைப்பும் நாமே செய்தவையாயின், அறிந்த ஒருவரை அழைத்துக் காட்டுவோம். அது இழிவன்று, நம்மை நம்பி வாழ்வோர்க்கு நாம் ஆற்றும் கடமை.