மின்சாரமில்லா மேடைக்கு ஓர் ஆம்ப்ளிபையர்

பூங்காவில் பொங்கல் விழா என்றால், பேஸ் கிதார் பயிலும் நம் வீட்டுப் பிள்ளைகள் மின்சாரமின்றிக் கையைப் பிசைந்து நிற்கின்றனர். ஆயத்த ஆம்ப்ளிபையரை விலைகொடுத்து வாங்க எல்லோருக்கும் இயலுமா?

பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக் கடைகளில், கார் ரேடியோவுக்கென அமைந்த டி.டி.ஏ. 2003 என்னும் சில்லு மலிவாய்க் கிடைக்கும். 12 வோல்ட் பாட்டரி அதற்குப் போதும். கிதாரின் மெலிந்த ஒலியை ஏற்க முன்னால் ஓர் எஃப்.இ.டி. டிரான்சிஸ்டர் வேண்டும். கிட்டும் ஆற்றல் சில வாட்டுகளே. அதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. தடித்த தந்தியின் நாதம் வினாடிக்கு ஏறத்தாழ 41 அதிர்வுகளே உடையது. ஸ்பீக்கரைப் பெட்டியின்றி வைத்தால் அதன் முன்னலையைப் பின்னலை விழுங்கிவிடும். ஆதலின், அன்பர்களே, கைக்காசைக் காற்றுப் புகாத கெட்டி மரப்பெட்டிக்கே செலவிடுங்கள்.

பாட்டரியின் நேர்முனையை ஒட்டி ஒரு பியூஸ் இன்றியமையாதது. அதை மறந்து நாம் ஒருமுறை கம்பியையும் மேசை விரிப்பையும் கருக்கினோம்; வீட்டார் மூன்று நாள் நம்மோடு பேசவில்லை.