மூடியில் ஒரு துளை

புதிய மோட்டார் சைக்கிள்களின் விலை பற்றி இந்தக் கிழமை எழுதுவதாகப் போன பத்தியின் கடைசியில் சொல்லியிருந்தேன். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்துவிடப்பட்டது. அதற்குப் பிறகு பத்திரிகையைப் பிரித்தால் புதிய வண்டி விளம்பரம், அதன் அடியில் லீசிங் விளம்பரம்.   ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். கதவு பூட்டியிருந்த அந்த ஐந்து வருடமும் மூதூரை ஓட வைத்தவை பழைய வண்டிகள். பாதைப் படகுக்காகக் கரையில் காத்துக் கிடந்த ஊர் இது. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு மோட்டார் சைக்கிள்தான் நமக்குக் காலாகிவிட்டது. மீனும் நெல்லும் பாடசாலைப் பிள்ளையும் அதில்தான் போகின்றன.

விலையை அடுத்த கிழமைக்கு வைத்துக்கொள்கிறேன். இந்தக் கிழமை எனக்கு வந்த கோபம் வேறு.

என் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி ஒரு மீன் வியாபாரி இருக்கிறார். விடியமுன் கடற்கரையில் மீன் எடுத்து, ரெஜிபோம் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு தோப்பூர்ப் பக்கம் ஊர் ஊராக விற்பவர். அவருடைய நூறு சீசீ வண்டி ஒரு மாதமாக இழுக்கவில்லை. கராஜுக்குக் கொண்டுபோனார். பிளக் மாற்றினார்கள். காபரேட்டரைக் கழுவினார்கள். பிறகு எயார் பில்டர், அதற்குப் பிறகு பெற்றோல் டியூப். கடைசியில், “ரிங் போயிட்டு, எஞ்சினப் பிரிக்கணும்” என்று சொல்லிவிட்டார்கள். எஞ்சினைப் பிரித்தால் எத்தனை நாள் வண்டி நிற்கும், எவ்வளவு காசு போகும், அந்த நாட்களில் அடுப்பு எப்படி எரியும் என்று கேட்க அங்கே யாரும் இல்லை. அவரும் கேட்கவில்லை. தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான். அந்தக் கராஜில் ஒருவர்கூட அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எப்போது இழுவை குறைகிறது? ஏறின உடனேயா, சூடான பிறகா? பாரம் இருந்தால் மட்டுமா? எஞ்சின் சத்தம் ஏறி வேகம் ஏறாமல் நிற்கிறதா, சத்தமே ஏறவில்லையா? வைத்தியர் நாடி பிடிக்கமுன் கேட்கிற சாதாரணக் கேள்விகள் இவை. சத்தம் ஏறியும் வேகம் ஏறாவிட்டால் கிளச் பிளேட் வழுக்குகிறது. எஞ்சினைத் தொட வேண்டிய தேவையே இல்லை. நியூட்ரலில் தள்ளும்போது வண்டி கனத்தால், பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அல்லது செயின் அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது. ஓடி வந்து நிறுத்தியதும் சக்கர நடுவைத் தொட்டுப் பார்த்தால் சூடே சொல்லிவிடும். இதற்கெல்லாம் ஒரு ஸ்பனர்கூடத் தேவையில்லை.

ரிங் போய்விட்டது என்று சொல்வதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு, மறுபடி கொம்பிரசன் பார்க்க வேண்டும். அழுத்தம் கூடினால் ரிங்கில் குறை. ஒயில் அந்த இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்திருக்கிறது. கூடாவிட்டால் வால்வைப் பார்க்க வேண்டும். கழற்றிய பிளக்கும் பேசும். கறுப்புக் கரி பிடித்திருந்தால் பெற்றோல் கூடுகிறது, அல்லது காற்று குறைகிறது. வெளுத்திருந்தால் பெற்றோல் போதவில்லை. ஒயில் ஈரம் இருந்தால் ரிங்கையோ வால்வ் சீலையோ சந்தேகிக்கலாம். நம்மவரின் பிளக் வெளுத்திருந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் போட்டார்கள். எறிந்தது வெறும் பிளக் மட்டுமல்ல, அவர்களுக்குக் கிடைத்த ஒரே சாட்சியும்தான்.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டுக்குப் பிறகு நம் ஊரில் இன்னொரு பழக்கமும் வந்திருக்கிறது. இழுவை குறைந்தால் உடனே “பெற்றோல் சரியில்ல” என்பார்கள். அந்தப் பயம் வந்ததற்குக் காரணம் இருந்தது. அந்த ஜூன் கடைசியில் ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். மண்ணெண்ணெய் 87 ரூபாய்தான். ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 340 ஆகும்வரை, கலப்பவருக்குக் கிடைக்கும் இலாபம் எல்லோருக்கும் கண்ணுக்குத் தெரிந்தது. கியூஆர் அட்டைக்கு வாரம் நாலு லீற்றர் என்று வாங்கிய அந்தப் பெற்றோலைச் சந்தேகிக்காதவர் யார்? ஆனால் அன்று பழகிய சந்தேகம் இன்று யோசிப்பதற்குப் பதிலாக வந்து உட்கார்ந்துவிட்டது. பெற்றோலில் குறை என்றால் காபரேட்டரின் அடியிலுள்ள வடிகால் திருகாணியைத் திறந்து ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கி நிற்கும். மாரி மழைக் காலத்தில் இது நடக்கக்கூடியதுதான். இவருடைய பெற்றோலில் தண்ணீர் இல்லை.

இந்த வண்டியின் குறையைக் கண்டுபிடித்தவர் மோட்டார் சைக்கிள் மெக்கானிக் அல்ல. கடற்கரையில் படகு எஞ்சின்களைத் திருத்துகிற வயதான ஒரு காக்கா. செவ்வாய்க்கிழமை பின்னேரம் வாடியில் இருந்தபடியே, வண்டியைத் தொடாமல், கேட்கத் தொடங்கினார்.

“தம்பி, வெளிக்கிட்ட உடனே இழுக்காம வருதா, கொஞ்சத் தூரம் போன பிறகா?”

“போன பிறகு காக்கா. தோப்பூரக் கிட்டக்குள்ள.”

“நிப்பாட்டி வெச்சா?”

“பத்து நிமிசத்தில திரும்ப ஸ்டார்ட் ஆகுது. மீன வித்துப்போட்டு ஏறினா ஓடும்.”

“டேங்க் நிரப்பின அண்டைக்கு எப்பிடி?”

“அண்டைக்குத்தான் கெதியா வரும்.”

காக்கா எழும்பி வந்து டேங்க் மூடியைக் கழற்றினார். மூடியின் உள்பக்கம் சைக்கிள் டியூபிலிருந்து வட்டமாக வெட்டிய ஒரு றப்பர் ஒட்டிக்கிடந்தது. போன மாரியில் டேங்குக்குள் தண்ணீர் இறங்காமல் இருக்க இவரே வைத்தது. அந்த றப்பர் மூடியிலுள்ள காற்றுத் துளையை நன்றாக மூடிவிட்டது. மேலே தெரிந்த கொஞ்ச வழியையும் உப்புத் தூளும் புழுதியும் அடைத்திருந்தன. காக்கா றப்பரை உரித்தார். பழைய கிளச் வயரிலிருந்து ஒரு இழையைப் பிரித்துத் துளைக்குள் விட்டார். வாயை வைத்து ஊதிப் பார்த்து மூடியைத் திருகினார். வேலை முடிந்தது.

டேங்கிலிருந்து பெற்றோல் தன் பாரத்தினால்தான் காபரேட்டருக்கு இறங்குகிறது. இறங்கிய பெற்றோலின் இடத்துக்குக் காற்று வர வேண்டும். வர வழி இல்லாவிட்டால் உள்ளே அழுத்தம் குறைந்து, பெற்றோலைக் கீழே விடாமல் பிடித்துக்கொள்ளும். முதல் சில கிலோமீற்றர் ஒன்றும் தெரியாது. பிறகு காபரேட்டர்க் கிண்ணத்தில் மட்டம் இறங்கி, இழுவை குறைந்து, வண்டி நிற்கும். நிறுத்தி வைத்தால் ஏதாவது சின்ன இடுக்கால் காற்று மெதுவாக உள்ளே போய், மறுபடி ஓடும். டேங்க் நிரம்பியிருந்தால் உள்ளே காற்றுக்கு இடம் கொஞ்சம்தான்; அதனால் அழுத்தம் சீக்கிரமே விழும். காக்கா கேட்ட மூன்று கேள்வியும் இந்த மூன்று அடையாளத்துக்குத்தான். கராஜில் ஒவ்வொரு தடவையும் வண்டி சரியாகிவிட்டதுபோல் தெரிந்ததன் காரணமும் இதுதான். வேலைக்காக மூடியைத் திறந்ததும் காற்று போய்விடும். கடையைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடிப் பார்த்தால் நன்றாக இழுக்கும். ஆகவே ஒவ்வொரு புதுச் சாமானும் குறையைத் தீர்த்த பெயரைத் தட்டிக்கொண்டது.

காக்காவுக்கு இது எப்படித் தெரிந்தது? படகு எஞ்சினுக்குப் பெற்றோலோ மண்ணெண்ணெயோ கொண்டுபோகிற தனி டேங்கின் மூடியில் ஒரு சின்னக் காற்றுத் திருகாணி இருக்கும். ஓடமுன் அதைத் திறந்துவிட வேண்டும். மறந்தால் கரையில் நன்றாக ஸ்டார்ட் ஆகும் எஞ்சின், கொட்டியார்குடாவுக்குள் கொஞ்சத் தூரம் போய் அணைந்துவிடும். கடலில் அணைந்த எஞ்சினுக்குப் பக்கத்தில் கராஜ் இல்லை. அங்கே யோசிக்கத்தான் வேண்டும்.

கேட்டுப் பார்த்து யோசிக்கும் இந்தப் பழக்கம் பெரிய கம்பனிக்கும் பொருந்தியிருக்கிறது. ஹொண்டாவின் சிஜி 125 வண்டி 1970களின் நடுவில் வந்தது. அதற்கு முன் ஹொண்டாவின் பல சின்ன எஞ்சின்களில் கேம் தண்டு தலைப்பகுதியில் இருந்தது. ஒயில் நேரத்துக்கு மாற்றாவிட்டால் அது தேய்ந்துவிடும். ஆசிய நாடுகளில் பாரம் ஏற்றி, ஒயில் மாற்றாமல் ஓட்டுகிறார்கள் என்று தெரிந்ததும் ஹொண்டாப் பொறியியலாளர்கள் அந்த மக்களைக் குறை சொல்லிக்கொண்டிருக்கவில்லை. போய், பார்த்து, கேட்டார்கள். கேம் தண்டைக் கீழே இறக்கி, தள்ளுகோலால் வால்வை இயக்கும் பழைய முறைக்கே திரும்பினார்கள். பாகிஸ்தானில் அந்த வண்டி இன்றும் விற்பனையாகிறது. கேட்டுச் செய்த வேலை இவ்வளவு நாள் நிற்கும்.

மூதூரில் கெட்டிக்கார மெக்கானிக்மார் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி இங்கே பலதடவை எழுதியிருக்கிறேன். அவர்களிடம் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு நட்டைக் கழற்றுவதற்கு முன் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். காசில்லாத சோதனை முதலில், சின்னச் செலவு அடுத்தது, எஞ்சின் கடைசியில். ஒரு தடவையில் ஒரு சாமானை மட்டும் மாற்றி, குறை வருகிற தூரம்வரை ஓடிப் பார்க்க வேண்டும். கழற்றிய பழைய சாமானை உரியவரின் கையில் கொடுக்க வேண்டும்.

வண்டிக்காரருக்கும் ஒரு கடமை இருக்கிறது. எஞ்சினைப் பிரிக்கணும் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். “எதை வைத்துச் சொல்றீங்க?” என்று மரியாதையாகக் கேளுங்கள். வேலை தெரிந்தவருக்கு அந்தக் கேள்வி பிடிக்கும். அவர் பிளக்கைக் கையில் எடுத்துக் காட்டிச் சொல்வார். பதில் வராத இடத்தில் வண்டியை விட்டுவிட்டு வராதீர்கள்.