விதைநெல்லை உண்ணும் கடற்படைகள்

ஒரு நாட்டின் கடற்படை வலிமையைக் கப்பல்களின் தலையெண்ணிக் கணிப்பது உலக வழக்கமாக இருந்து வருகின்றது. எத்தனை போர்க்கப்பல், எத்தனை நீர்மூழ்கி, எத்தனை வானூர்தி தாங்கி என்று செய்தித்தாள்கள் பட்டியலிடும். ஆட்சியாளர் மார்தட்டிக் கொள்வர். இன்று மிதக்கும் கப்பல், இருபது முப்பது ஆண்டுகட்கு முன்னர் யாரோ ஓர் ஆய்வாளன் தனியறையில் கண்ட உண்மையின் விளைச்சல். இனி இருபது ஆண்டுகள் கழித்து மிதக்கப் போகும் கப்பலுக்குரிய விதை எந்த ஆய்வகத்தில் ஊறிக் கொண்டிருக்கின்றது என்று எவரும் கேட்பதில்லை. கேட்கத் தக்க கேள்வியோ அதுவொன்றே! அதற்கு விடை காண, இத்துறையில் நூறாண்டுப் பட்டறிவுடைய அமெரிக்கக் கடற்படையின் கணக்கேட்டைப் புரட்டிப் பார்ப்பது பயன்தரும். வியட்நாம் மக்கள்மேல் குண்டுமாரி பொழிந்தது அப்படை என்பது மறக்கற்பாலதன்று. ஆயினும் பகைவன் வயலிலும் கற்றுக் கொள்ளத் தக்க உழவு உண்டு.

1922ஆம் ஆண்டு செப்டம்பரில், வாசிங்டன் நகரைத் தழுவியோடும் பொட்டோமாக்கு ஆற்றங்கரையில், தெய்லர், யங்கு என்னும் இருவர் கடற்படைக்காக வானொலி அலைகளை ஆய்ந்து கொண்டிருந்தனர். ஒரு கரையில் அலைபரப்பி, மறுகரையில் அலைவாங்கி. இடையே மரக்கப்பல் ஒன்று தன் போக்கிற் சென்றது. அது கடந்தபொழுது அலைவாங்கியின் ஒலி ஏறியும் இறங்கியும் தடுமாறிற்று. வேறொருவராயின் இடையூறென்று தள்ளியிருப்பர். இவர்களோ அதன் பொருளை உடனே உணர்ந்தனர். இரு போர்க்கப்பல்கள் தொலைவில் விலகி நின்று இவ்வலைகளைப் பரிமாறிக் கொண்டிருப்பின், இடையே இருளிலோ மூடுபனியிலோ புகும் பகைக்கப்பலை அறியலாம் என்று அம்மாதமே மேலிடத்துக்கு எழுதினர். மேலிடம் வாளாவிருந்தது.

அதற்கடுத்த ஆண்டில், எடிசன் 1915இலேயே வற்புறுத்திய கடற்படை ஆய்வகம் திறக்கப் பெற்றது. ஆய்வாளர் இருவரும் அங்குச் சென்றனர். கருத்தோ கிடப்பிற் கிடந்தது. 1930இல் அவர்களின் தோழர் ஒருவர் வானிற் பறக்கும் ஊர்தியும் அலையைக் கலைப்பதைத் தற்செயலாகக் கண்டார். ஆராய்க என்று ஆணை வந்தது. ஆராய்தற்குப் பொருள் வரவில்லை. பிற வேலைகட்கு நடுவே, கிடைத்த மிச்சில்களைக் கொண்டே வேலை நடந்தது. 1934 திசம்பரில், ஏறத்தாழ ஒரு கல் தொலைவிற் பறந்த வானூர்தியை அலைத்துடிப்புகளின் எதிரொலியால் திரையிற் கண்டனர். இதனையே உலகம் இரேடார் என்று பின்னர் அழைக்கலாயிற்று. அமெரிக்கப் பேராயத்தின் செலவினக் குழு உறுப்பினர் 1935இல் ஆய்வகத்தை நேரிற் கண்டு வியந்து, 1,00,000 தாலர் ஒதுக்கினர். முதன்முதலாய்க் கண்ட நாளிலிருந்து கையிற் காசு வந்த நாள்வரை பதின்மூன்று ஆண்டுகள்! அதன்பின் வேலை ஓடிய ஓட்டத்தைப் பாருங்கள்: 1936இல் எதிரொலி இருபத்தைந்து கல் தொலைவினின்று வந்தது, 1938 முடிவில் 'நியூயார்க்கு' என்னும் பெரும் போர்க்கப்பலில் கருவி ஏறிற்று, 1941இல் போர் மூண்டபொழுது கடற்படையின் கப்பல்கள் சிலவற்றில் அது சுழன்று கொண்டிருந்தது. மூளைக்கு அந்நாட்டிற் பஞ்சமிருந்ததில்லை. விளைச்சல் கண்ணுக்குத் தெரியாத விதைக்கென ஒரு கைப்பிடிப் பொருளை ஒதுக்கி வைக்கும் ஏற்பாடுதான் இல்லாதிருந்தது.

போர்க்காலத்தில் இக்குறையை உணர்ந்த இளங் கடற்படை அலுவலர் சிலர், போர் முடியுமுன்பே புதியதோர் ஏற்பாட்டை வரைந்தனர். 1946 ஆகத்து முதல் நாளில் குடியரசுத் தலைவர் துரூமன் கையெழுத்திட்ட சட்டத்தால் கடற்படை ஆராய்ச்சி அலுவலகம் தோன்றிற்று. பல்கலைக்கழகங்களில் இயற்பியலும் கணக்கும் கடலியலும் ஆய்வோர்க்கு, 'இதனால் எந்தப் படைக்கலம் வரும்?' என்று கழுத்தைப் பிடித்துக் கேளாமற் பொருள் வழங்கிற்று அவ்வலுவலகம். அமெரிக்கத் தேசிய அறிவியல் நிறுவனமே 1950இல்தான் பிறந்தது. அதன் முதல் தலைவராய் அமர்ந்த வாட்டர்மன், இவ்வலுவலகத்தின் தலைமை அறிவியலாளராய் இருந்தவர்.

அவ்வாறு வழங்கிய பொருள் எங்ஙனம் விளைந்தது என்பதற்கு ஒரு பூங்காவின் விசிப்பலகை சான்று. 1951 ஏப்பிரலில், மிகக் குறுகிய அலைகளை எவ்வாறு உண்டாக்குவது என்று ஆராய இவ்வலுவலகம் அமைத்த குழு வாசிங்டனிற் கூடிற்று. குழுவின் தலைவர் தவுன்சு என்னும் இயற்பியலார். இரண்டாண்டுகளாகக் கூடிக் கூடிப் பேசியும் ஒன்றும் கைகூடவில்லை. அன்று விடியலில் எழுந்தவர், பூத்திருந்த செடிகளுக்கிடையே பூங்காவில் அமர்ந்து, ஏன் கைகூடவில்லை என்று எண்ணிக் கொண்டிருந்தபொழுது வழி தோன்றிற்று. சட்டைப்பையிலிருந்த கடித உறையின் பின்புறத்திற் கணக்கிட்டுப் பார்த்தார். 1954இல் மேசர் பிறந்தது. அவ்வழியிலேயே 1960இல் இலேசரும் பிறந்தது. 1964இல் தவுன்சுக்கு நோபல் பரிசு. இன்று கண் அறுவை செய்யும் மருத்துவரும் கடற்படைக் குறிவைப்பாளனும் அவ்வுறையின் பின்புறத்துக்குக் கடன்பட்டவர்களே. அக்குழுவின் செலவை ஒரு கணக்கன் 1952இல் தணிக்கை செய்திருந்தால், 'வீண்' என்றே எழுதியிருப்பான்.

இனி, மறுபக்கமும் சொல்லப்பட வேண்டும். வியட்நாம்ப் போரின் கொடுமை கண்டு அமெரிக்க மாணவர் கொதித்தெழுந்த 1969இல், மேலவைப் பெருந்தலைவர் மான்சுபீல்டு ஒரு சட்டத்திருத்தம் கொணர்ந்தார். படைத்துறைப் பணிக்கு நேரடியான தொடர்பில்லாத ஆய்வுக்குப் படைத்துறைப் பணம் செல்லலாகாது என்பது அதன் சாரம். மான்சுபீல்டு போரை எதிர்த்தவர். அவர் கேட்டதில் அறம் இருந்தது. ஓர் உயிரியலான் தன் ஆய்வுக்காகப் படைத்தலைவன் வாயிலில் ஏன் கைகட்டி நிற்க வேண்டும்? ஆயின் நடந்தது என்ன? படைத்துறைப் பை மூடிய விரைவிற்கு ஏற்பப் பொதுப்பை திறக்கவில்லை. ஓராண்டில் அச்சட்டத்தின் கடுமை தளர்த்தப்பட்டது. ஆனால் அச்சம் தளரவில்லை. விண்ணப்பம் எழுதும் ஒவ்வோர் ஆய்வாளனும் தன் உண்மையான கேள்வியை மறைத்து, அதன்மேல் ஏதோ ஒரு படைக்கலத்தின் பெயரை ஒட்டி அனுப்பக் கற்றான். பொய்யைக் கட்டாயமாக்கும் ஒதுக்கீட்டு முறையில் மெய்யறிவு எவ்வாறு வளரும்?

இவ்விரு பாடங்களையும் கற்றபின் அக்கடற்படை இந்நூற்றாண்டில் ஒரு பங்கீட்டை வகுத்தது. ஓரிரண்டு ஆண்டுகளில் மாலுமியின் கைக்கு வர வேண்டியவை ஒரு சிறுபங்கு. மூன்று முதல் ஐந்தாண்டுகளிற் கப்பலேற வேண்டியவை ஒரு பங்கு. துணிந்து பாயும் பெருமுயற்சிகட்கு ஒரு பங்கு. பத்திருபது ஆண்டுகள் கழித்தே பயன் தெரியும் அடிப்படை ஆய்வுக்கு ஒரு பங்கு. கடைசியில் கூறியதே அனைத்தினும் பெரியது. அலுவலகம் வெளியிட்ட திட்டங்களின்படி அது 100க்கு 40 முதல் 45 வரை இருந்தது. இரண்டாவது பங்கிலுள்ள வேலைகட்கு ஒரு நல்ல கட்டுப்பாடும் உண்டு: ஆய்வோன், கருவி வேண்டும் என்னும் படையினன், அதனை வாங்கிக் கப்பலிற் பொருத்தும் கொள்முதல் அலுவலன் ஆகிய மூவரும் முன்னரே உடன்பட்டுக் கையெழுத்திடல் வேண்டும். இல்லையேல் ஆய்வகத்திற் பிறந்த கருவி, வாங்குவாரின்றி ஆய்வகத்திலேயே மாண்டுபோகும். இந்த இடைவெளியை 'சாக்காட்டுப் பள்ளத்தாக்கு' என்றே அந்நாட்டார் அழைக்கின்றனர்.

பாய்ச்சல் முயற்சிகளின் இடர்ப்பாட்டுக்கு மின்காந்தப் பீரங்கி எடுத்துக்காட்டு. வெடிமருந்தின்றி மின்னாற்றலால் மட்டுமே குண்டை உந்தி, ஒலியினும் பன்மடங்கு விரைவில் எறிய வேண்டும் என்பது நோக்கம். 2005இல் வேலை தொடங்கிற்று. 2010 திசம்பரில் 33 மெகாசூல் ஆற்றலுடன் சுட்டுக்காட்டி உலகை வியக்க வைத்தனர். கப்பலில் ஏறவே இல்லை. ஏறத்தாழ 50 கோடி தாலர் செலவான பின்னர், 2021இல் வேலையை நிறுத்தினர். கரணியம் பல, தலையாயது குழலின் தேய்மானம். அத்துணை வெப்பத்தையும் உராய்வையும் மீண்டும் மீண்டும் தாங்கும் பொருள் எது என்பது போர்க்கலைக் கேள்வியன்று, பொருளறிவியற் கேள்வி. அக்கேள்விக்கு விடை கனியுமுன் படம்பிடித்துக் காட்டிக் கைதட்டல் வாங்கியதே தவறு. தோற்றதற்காக எவரையும் தூற்ற வேண்டுவதில்லை. தோல்விக்கு இடமளியாத ஆய்வுத் திட்டம் ஆய்வுத் திட்டமே அன்று.

வென்றது ஒன்றையும் பார்ப்போம். 1957இல் உருசியரின் முதற் செயற்கைக்கோள் மேலே சுற்றியபொழுது, கடற்படைப் பொருளால் இயங்கிய ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் இருவர் வெறும் ஆர்வத்தால் அதன் ஒலியைக் கேட்டு, அது செல்லும் பாதையைக் கணித்தனர். அக்கணக்கைத் திருப்பிப் போட்டால், கேட்பவன் நிற்குமிடம் தெரியும் என்பது பின்னர் விளங்கிற்று. அதினின்று 1964இல் நீர்மூழ்கிகட்கு வழிகாட்டும் கோள்முறை எழுந்தது. துல்லியமான கடிகையைக் கோளில் ஏற்றும் முயற்சியைக் கடற்படை ஆய்வகம் 1964இல் தொடங்கிற்று. இவ்விரண்டும் கலந்த வழியில் வந்ததே இன்றைய இடங்காட்டி. நாகையினின்றும் இராமேசுவரத்தினின்றும் கடலேகும் தமிழ் மீனவன் படகில், கரை எங்கே, எல்லை எங்கே என்று காட்டும் சிறு கருவி அதன் பிள்ளையே.

இந்திய அரசு இவ்வரலாற்றிற் கற்றது என்ன? கொச்சியிலும் விசாகப்பட்டினத்திலும் கடற்படைக்கெனப் பழமையான ஆய்வகங்கள் உள்ளன. அங்கு உழைப்போரின் திறமையை எவரும் குறைகூற இயலாது. திட்டமிடுவோர் நோக்கில்தான் கோளாறு. 2022 சூலையில் 'சுவாவலம்பன்' என்று (வடமொழிப் பெயரின்றி இவர்கட்கு எதுவும் விடியாது போலும்!) ஒரு கருத்தரங்கு கூட்டி, 2023 ஆகத்துக்குள் குறைந்தது 75 புதிய நுட்பங்களைக் கடற்படையிற் சேர்ப்பது என்று இலக்கு வைத்தனர். விடுதலையின் 75ஆம் ஆண்டாம், ஆகவே 75! ஓராண்டில் அறுவடையாகும் பயிர்கள் வேண்டாதனவல்ல. ஆனால் கொண்டாட்ட நாளைப் பார்த்து ஆய்வின் எண்ணிக்கையை முடிவு செய்யும் இடத்தில், தெய்லரும் யங்கும் பதின்மூன்று ஆண்டுகள் காத்திருக்க முடியுமா? அவ்வாண்டு வரவுசெலவுத் திட்டத்திற் பாதுகாப்பு ஆய்வுப் பணத்தில் 25 விழுக்காட்டைத் தொழில்துறைக்கும் புதுத்தொழில் முனைவோர்க்கும் கல்விக்கூடங்கட்கும் திறந்து விடுவதாக அறிவித்தனர். மூவரையும் ஒரே பந்தியில் அமர்த்தினால், விற்பனைப் பட்டறிவுள்ளவன் இலையிற் சோறு விழும்; ஆசிரியன் இலை காயும்.

வேண்டுவது தனித் தலைப்பு. பல்கலைக்கழக அடிப்படை ஆய்வுக்கு இத்துணை என்று எழுதி, படைத்தலைவர் மாறினும் அமைச்சர் மாறினும் பத்தாண்டு கை வைக்கவொண்ணாதபடி பூட்டப்பட்ட தலைப்பு. கப்பலின் அடியில் ஒட்டி விரைவைக் குறைத்து எரிபொருளை விழுங்கும் கொட்டலசு, ஈரமான பரப்பில் எவ்வாறு அத்துணை இறுக்கமாய்ப் பற்றுகின்றது என்று சென்னையில் ஓர் ஆய்வாளன் கேட்பதாகக் கொள்வோம். 'எத்தனை மாதத்தில் வண்ணப்பூச்சு வரும்?' என்று கேளாமல் அவனுக்குப் பத்தாண்டுப் பொருள் வழங்கும் அலுவலர் ஒருவர் தில்லியில் இருக்கின்றாரா?