நெருப்பில் கனியும் பழம்

மரத்திலேயே கனிந்து, பறித்தவுடன் நாவில் இனிக்கும் பழங்களையே நாம் நன்கு அறிவோம். மாவும் வாழையும் பலாவும் அத்தகையன. ஆனால் மரத்தில் எத்தனை நாள் இருந்தாலும், பெரும்பாலும் பச்சையாய் உண்ண இயலாத பழம் ஒன்றும் இறைவனின் படைப்பில் உண்டு. ஆங்கிலத்தில் அதனைக் குயின்ஸ் என்பர். தமிழில் சீமைமாதுளை என்பர். பெயரில் மாதுளை இருப்பினும் அது மாதுளை இனத்தைச் சேர்ந்ததன்று. ஆப்பிளுக்கும் பேரிக்காய்க்குமே நெருங்கிய உறவு.

காக்கசஸ் மலைப் பகுதியும் ஈரானின் வடபகுதியும் அதன் தாயகம். நம் நாட்டில் காஷ்மீரத்தில் அது விளைகின்றது. அதன் விதையைப் 'பிஹிதானா' என்னும் பெயரால் யுனானி மருத்துவர்கள் இருமலுக்கு வழங்குகின்றனர். மரம் சிறியது, ஏறக்குறைய 15 அடி உயரமே வளரும். கிளைகள் வளைந்து முறுக்கியிருக்கும். வசந்த காலத்தில் வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த மலர்கள் தனித்தனியே பூக்கும். இலையுதிர் காலத்தில் பொன்னிறக் கனிகள் தொங்கும். அவற்றின்மேல் சாம்பல் நிற மென்மயிர் படர்ந்திருக்கும். இரண்டொரு கனிகளை வைத்தாலே அறை முழுவதும் மணக்கும். அந்த நறுமணத்தை நம்பிக் கடித்துப் பார்ப்பவருக்கோ கல் போன்ற கடினமும் நாவைச் சுருக்கும் துவர்ப்புமே கிட்டும்.

அப்படியானால் அது பயனற்ற பழமா? இல்லை. துண்டுகளாக்கி, சர்க்கரை சேர்த்து, இளந்தீயில் நெடுநேரம் வைத்தால் கடினம் இளகுகின்றது. வெளிறிய சதை மெல்ல மெல்ல இளஞ்சிவப்பாகிப் பின் செந்நிறம் அடைகின்றது. இதில் வியப்பு யாதெனில், துவர்ப்பைத் தந்த பொருளே வெப்பத்தால் மாறி அந்தச் செந்நிறத்தைத் தருகின்றது. குறையென்று நாம் கண்டதே நிறைவாக மாறிவிடுகின்றது!

போர்த்துக்கல் மக்கள் இப்பழத்தை 'மர்மெலு' என்றும், அதிலிருந்து செய்யும் கெட்டியான இனிப்பை 'மர்மெலாடா' என்றும் அழைக்கின்றனர். ஆரஞ்சுப் பழத்தில் செய்து நாம் ரொட்டியில் தடவும் 'மார்மலேட்' பெயர் பெற்றது அதிலிருந்தே. லிஸ்பன் நகருக்கு அருகே ஒதிவேலாஸ் என்னும் ஊரில் சிஸ்டர்சியன் சபைக் கன்னியர் செய்த மர்மெலாடா பெரும் புகழ் பெற்றது. சிவக்க விடாமல் வெளிர் நிறத்திலேயே அதை இறக்குவது அவர்தம் கைத்திறன். 1834ஆம் ஆண்டு அந்நாட்டு அரசு துறவற இல்லங்களை ஒழித்தது. கன்னியர் மடங்கள் கடைசிக் கன்னியர் இறக்கும்வரை மட்டுமே விட்டுவைக்கப்பட்டன. மடம் ஓய்ந்தது, இனிப்பு மட்டும் அவ்வூரின் பெயரால் இன்றும் வழங்குகின்றது.

அந்த மடத்தை 1295இல் நிறுவியவர் தெனிஸ் மன்னர். அவரது கல்லறையும் அங்கேயே உள்ளது. அவருடைய துணைவியார்தாம் புனித எலிசபெத்தம்மாள். மன்னர் நாட்டை நன்கு ஆண்டவர். இல்லறத்திலோ உண்மை தவறியவர். பிற பெண்டிரிடம் அவருக்குப் பிறந்த பிள்ளைகளையும் அரசியார் வெறுக்கவில்லை. அப்பிள்ளைகளுள் ஒருவரைத் தந்தை மிகுதியாக நேசித்ததால் பட்டத்து இளவரசர் அல்போன்சு பகை கொண்டு படை திரட்டினார். 1323இல் லிஸ்பன் அருகே தந்தையும் மகனும் போருக்கு அணிவகுத்து நின்றபோது, அரசியார் இரு படைகளுக்கும் நடுவே சென்று போரைத் தடுத்தார். மறு ஆண்டு மன்னர் நோயுற்றார். அருகிருந்து பணிவிடை செய்தவரும் அவரே. மன்னர் மனம் வருந்தி 1325இல் இறந்தார் என்று புனிதரின் வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1625இல் திருத்தந்தை எட்டாம் உர்பன் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.

நம் குடும்பங்களிலும் கடின உள்ளங்கள் உண்டு. பேசாத தந்தை, சீறி விழும் மாமியார், வீட்டை வெறுத்த மகன் என ஒவ்வோர் இல்லத்திலும் ஒருவரேனும் இருப்பர். ஒருமுறை கடித்துப் பார்த்துத் துவர்க்கின்றதே என்று அவர்களை எறிந்துவிடுதல் எளிது. எனினும் அவர்களிடமும் ஏதோ ஒரு நறுமணம் உண்டு. அதை உணர்ந்தவர் எறியமாட்டார்.

ஆயினும் ஒன்றை மறவாதிருப்போம். பொறுமை என்பது அநீதியைக் கண்டும் வாய்மூடிக் கிடப்பதன்று. அடியும் உதையும் நிகழும் வீட்டில், 'பொறுத்துப் போ' என்று பெண்ணுக்கு மட்டும் உபதேசிப்பது புனிதரின் வழியாகாது. அவர் அழுதுகொண்டு அரண்மனையில் அமர்ந்திருக்கவில்லை, போர்க்களத்துக்கே சென்றார். அடுப்பில் ஏற்றிய பழத்தைக் கிளறாமல் விட்டால் அடிபிடித்துக் கருகும். அருகே நின்று கிளறுபவர் ஒருவர் வேண்டும். அந்தப் பணி உற்றார் உறவினருக்கும், அயலாருக்கும், பங்குச் சமூகத்துக்கும் உரியது.

இம்மாதம் நம் இல்லத்தில் நாம் பேசாது விட்ட ஒருவரிடம் முதற்சொல்லை நாமே சொல்வோமாக. உடனே இனிக்காது, தீயை அணைக்காமல் காத்திருப்போம்.